நில் என்றும் போ என்றும்

கிள்ளான்
6 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். வாணியின் போனிலிருந்து கூப்பிட்டால் அவள் குரலுக்குப் பதில் சொல்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வேறு வழியில்லாமல் மகள் விஷ்ணுப்ரியாவின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் கடைசியாகத் தமிழில் முழுசாக எழுதியது பள்ளியில் படிவம் மூன்று படித்தபோது, ‘நான் ஒரு பேருந்து’ என்ற கட்டுரை. அதிலும் பாதி நீ எழுதிக் கொடுத்தது. இத்தனை வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டியவனுக்குப் பேனா பிடித்தால் விரல் வலிக்கிறது.

முதலில் மன்னிப்பு. புத்தாண்டு அன்று உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் பேசியது தப்பு. “அந்தக் கார்ட கொண்டு போயி டயாலிசிஸ் மெஷின்ல ஒட்டு, ரத்தம் அதுவா சுத்தமாயிடும் லா” என்று சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வரும்போது கொம்யூட்டர் ரயிலில் என் பெண்டாட்டி வாணியே நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் மன்னிப்பு அந்த வார்த்தைக்கு மட்டும்தான். என் கிட்னியில் ஒன்றை உனக்குக் கொடுக்கிற விஷயத்தில் நான் இம்மியும் நகரப்போவதில்லை. உனக்கு இரண்டும் போய் நாலு வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம் அந்த நாற்காலி. என் ரத்தம் உனக்கு ஒத்துப்போகிறது, டாக்டரே சொல்லிவிட்டார். நான் என்ன சாலையில் போகிறவனா?

அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார். ஆராதனை முடிந்து எல்லோரும் வருஷா வருஷம் செய்கிற மாதிரி பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குச் சொல்லும் வசனம் அதுதான் என்று சின்ன வயதிலிருந்து நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு வந்தது, ‘ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல்’. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதனால்தான் சாப்பிடும்போதே விஷயத்தை உடைத்தேன். நீ உடனே உன் அட்டையை எடுத்துக் காட்டினாய், ‘சும்மா நின்று ஆண்டவர் செய்வதைப் பாருங்கள்’. கடவுள் உனக்கு நில்லு என்று சொல்லிவிட்டாராம்.

ஒரே டின். ஒரே கடவுள். ஒரே குடும்பம். உனக்கு நில், எனக்குப் போ. இது என்ன நியாயம் அக்கா?

உன் தம்பி,
விஜயன்


பிரிக்பீல்ட்ஸ்
14 ஜனவரி 2025

விஜயனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

இதை டயாலிசிஸ் சென்டரில் இருந்தபடிதான் எழுதுகிறேன். இடது கையில் ஊசி இருக்கிறது, வலது கை சும்மாதான் கிடக்கிறது. நாலு வருடமாக இங்கே இருந்துதான் வேதபாடக் குறிப்புகள் எழுதுகிறேன், மாதர் ஐக்கியத்தின் வேலைகளையும் பார்க்கிறேன். நீ நினைப்பதுபோல் நான் ஒன்றும் செத்துக்கொண்டிருக்கவில்லை.

வேதாகமத்தில் பவுல் தன் நிருபத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார், அவரவர் பாரத்தை அவரவர்தான் சுமக்க வேண்டும் என்று. எனக்கு வந்த நோய் என்னுடைய பாரம். அதை அறுத்து உன் இடுப்பில் பாதியை வைக்க எனக்கு உரிமை இல்லை. உனக்கு மனைவி இருக்கிறாள், பதினான்கு வயதில் பெண் இருக்கிறாள். லோரிப் படியில் ஏறி இறங்குகிற உடம்பு உனக்கு.

கடவுள் ஒருவருக்கு ஒரு வார்த்தையும் இன்னொருவருக்கு வேறு வார்த்தையும் கொடுப்பார். உனக்கு வந்த வசனம் வேறு எதற்காவது இருக்கும். வேலை மாறுவதற்கு இருக்கலாம். அதைக் கொண்டுவந்து என் வயிற்றைக் கிழிக்கிற விஷயத்தில் பொருத்தாதே.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். விஷ்ணுவுக்குப் புது நோட்டு வாங்கிக் கொடு, கிழித்த நோட்டோடு அனுப்பினால் ஆசிரியர் அவளைத்தான் திட்டுவார். வாணிக்கு என் பொங்கல் வாழ்த்தைச் சொல்.

தங்கமணி


வெஸ்ட் போர்ட், லோரிக்குள்
22 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நான் எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

சீனப் புத்தாண்டு வருவதால் துறைமுக வாசலில் லோரிகள் வால் பிடித்து நிற்கின்றன. எனக்கு முன்னால் முப்பது வண்டி இருக்கும். சர்ச்சில் என் திடப்படுத்தல் சடங்குக்கு நீ வாங்கிக் கொடுத்த வேதப்புத்தகத்தை வாணி அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், அவளைக் குறை சொல்லாதே. அதை ஸ்டியரிங் மேல் விரித்துவைத்து நீ சொன்ன பவுலின் நிருபத்தைப் படித்தேன்.

அக்கா, நீ சொன்ன வசனம் இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று வசனம் மேலே என்ன எழுதியிருக்கிறது? ஒருவர் பாரத்தை இன்னொருவர் சுமக்க வேண்டும் என்று. ஒரே மனுஷன், ஒரே கடிதம், ஒரே பக்கம். மேலே ஒன்று சொல்லி, மை காய்வதற்குள் கீழே வேறொன்று சொல்கிறார். அவரும் நம்மைப் போல் கோபத்தில் எழுதினாரா? முப்பது வருஷமாக வேதபாடம் எடுக்கிற தங்கமணி டீச்சருக்கு மேலே உள்ள வசனம் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

நான் உன்னைக் கிண்டல் செய்யவில்லை. கொஞ்சம் செய்கிறேன். ஆனால் உண்மையாகவே கேட்கிறேன். இரண்டில் எதை நான் நம்ப வேண்டும்?

இன்னொரு செய்தி. டாக்டர் என்னைப் பன்னிரண்டு கிலோ குறைக்கச் சொல்லியிருந்தார். ஏழு கிலோ குறைத்துவிட்டேன். எண்ணெய் சொட்டும் ரொட்டி சானாய் இல்லை, சீனி கொட்டிய தே தாரேக் டீ இல்லை, சிகரெட் அக்டோபரிலிருந்து இல்லை. வழக்கமாகச் சாப்பிடும் மாமாக் கடையில் என்னைப் பார்த்து, “என்ன பாஸ், ஒடம்பு சரியில்லையா? இப்படி எளச்சிட்டீங்களே லா” என்று கேட்கிறார்கள். நான் சுடுதண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். இப்படி ஒரு தியாகத்தை நீ வீணாக்குவாயா?

உன் தம்பி,
விஜயன்


பிரிக்பீல்ட்ஸ்
30 ஜனவரி 2025

தம்பி விஜயனுக்கு,

சிகரெட்டை விட்டதற்கு ஸ்தோத்திரம். நான் இருபது வருடமாகச் சொல்லி நடக்காதது.

நீ கேட்டது நல்ல கேள்வி. வேதபாடத்தில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை, நானும் அவர்களைக் கேட்க விட்டதில்லை என்று இப்போது தோன்றுகிறது. போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் மூலமொழியை வைத்து நீளமாக ஒரு விளக்கம் சொன்னார், எனக்கு ஏறவில்லை. பிறகு நானே உட்கார்ந்து யோசித்தேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். மேலே உள்ளது கொடுக்கிறவனுக்குச் சொன்னது. கீழே உள்ளது வாங்குகிறவனுக்குச் சொன்னது. பக்கத்தில் இருப்பவன் கஷ்டப்படுவதைப் பார்த்தால் கை கொடு. ஆனால் உன் கஷ்டத்தை இன்னொருவன் தலையில் கட்டாதே. ஆக, நீ கொடுக்கிறேன் என்பது சரி. நான் வேண்டாம் என்பதும் சரி. இரண்டு பேரும் வேதத்தின்படிதான் நடக்கிறோம்.

இரண்டு பேரும் சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

பக்கத்து நாற்காலி பக்கிரிசாமி அங்கிள் போன வாரம் மூன்று முறையும் வரவில்லை. அவரும் நானும் நாலு வருடமாக ஒரே ஷிப்ட். இன்று அந்த இடத்தில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நர்ஸிடம் கேட்டேன், அவள் என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த அட்டை நில் என்கிறது, விஜயா. அது தற்செயலாக வந்ததில்லை. அதை மீறச் சொல்லி என்னை வற்புறுத்தாதே. உன் வீட்டில் எல்லோருக்கும் இதில் சம்மதம்தானா என்றும் ஒரு முறை நினைத்துப் பார்.

அக்கா


கிள்ளான்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நேற்று தைப்பூசம். வாணி பத்துமலை முருகன் கோயிலில் பால்குடம் எடுத்தாள். நானும் விஷ்ணுவும் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். இன்று கால் வலியோடுதான் லோரி ஓட்டினேன்.

பக்கிரிசாமி அங்கிள் விஷயத்தைப் படித்ததிலிருந்து அந்த நாற்காலியில் அடுத்து யார் என்று யோசனை ஓடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

என் அட்டையை லோரியில் கண்ணாடிக்கு முன்னால் செருகி வைத்திருக்கிறேன். உன் வசனம் எங்கே வருகிறது என்று விஷ்ணுவைப் போனில் தேடச் சொன்னேன். தேடிவிட்டு அவள் சொன்னாள், “அப்பா, அத்தையோடதும் உங்களோடதும் ஒரே சாப்டர்பா. நடுவுல ஒரே ஒரு வசனம்தான் இருக்கு.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செங்கடல் கதை. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் ரதங்கள், நடுவில் ஜனங்கள் அலறுகிறார்கள். பயப்படாதே, நில் என்கிறார் மோசே. உடனே கடவுள் மோசேயிடம், ஏன் என்னைப் பார்த்து முறையிடுகிறாய், ஜனங்களைப் போகச் சொல் என்கிறார். அதே நாள், அதே இடம், அதே ஜனங்கள். அதை வெட்டி உனக்குப் பாதி, எனக்குப் பாதி கொடுத்துவிட்டார்கள்.

நிற்பதைப் பற்றி உன் தம்பிக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். அதுதான் என் தொழில். போர்ட் வாசலில் காவலாளி கையைக் காட்டி நில்லு என்பான். நான் நிற்பேன். மூன்று மணி நேரம்கூட நின்றிருக்கிறேன். ஆனால் இறங்கிப் போய்ப் பாய் விரித்துப் படுக்க மாட்டேன். பேப்பர் கையில் இருக்கும், கண் கேட்டின் மேல் இருக்கும். அதே காவலாளி அதே கையால் போ என்பான். காலையில் நில்லு சொன்னாயே, இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று எந்த டிரைவரும் சண்டை போட்டதில்லை. போ என்ற பிறகும் நிற்கிறவனைத்தான் பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான்.

நான் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறேன் அக்கா. நாலு வருஷம் நின்றுவிட்டாய். போதும்.

இன்னொன்று. அன்றைக்கு உன் மேசையில் இரண்டு அட்டையையும் பார்த்தேனே, இரண்டிலும் ஒரே கையெழுத்து. அது உன் கையெழுத்து. எழுதும்போது பக்கத்தில் இருப்பது உன் கண்ணில் படவே இல்லையா?

விஜயன்


பிரிக்பீல்ட்ஸ்
20 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

ஆமாம், என் கையெழுத்துதான். டிசம்பர் மாதம் மாதர் ஐக்கியத்துக்காக நூற்று நாற்பது அட்டை எழுதுவது பத்து வருடமாக என் வேலை. அதை நீயும் அறிவாய். நீ அறியாதது ஒன்று இருக்கிறது.

நவம்பரில் வாணி எனக்குப் போன் செய்தாள். “அண்ணி, அவரு எனக்குத் தெரியாம டெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்காரு. ஒத்துப்போவுதாம். நாளைக்கு அவருக்கு ஒன்னு ஆச்சின்னா நானும் புள்ளயும் எங்க போறது? நான் சொன்னா கேக்க மாட்டாரு அண்ணி. நீங்கதான் வேணாம்னு சொல்லணும்” என்று அழுதாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் மேல் நீ கோபப்படக் கூடாது. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

ஆனால் உனக்கு எப்படி வேண்டாம் என்று சொல்வது? நான் எந்தக் காரணம் சொன்னாலும் நீ உடைத்துவிடுவாய். உன்னால் உடைக்க முடியாத ஒரு காரணம் எனக்குத் தேவைப்பட்டது. டிசம்பரில் ஒரு பகல், அட்டைக்கு வசனம் தேடிக்கொண்டிருந்தபோது அந்தச் செங்கடல் பக்கம் வந்தது. ‘சும்மா நில்’. அட்டையில் எழுதினேன். டின்னில் போடவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். புத்தாண்டு அன்று அதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு எல்லோரையும்போல் டின்னுக்குள் கைவிட்டேன். போதகர் ஜெபித்துக் கொடுத்த டின், தம்பி. அதில் கைவைத்துக்கொண்டே ஏமாற்றினேன்.

அந்தப் பக்கம் மேசையில் விரிந்தபடியே இருந்திருக்கிறது. அடுத்த அட்டைக்கு, பக்கத்தைத் திருப்பாமல், கண்ணில் பட்ட இன்னொரு வசனத்தை எழுதி டின்னில் போட்டிருக்கிறேன். என்ன எழுதினேன் என்றுகூட நினைவில்லை. என் மனம் எல்லாம் கண்ணாடிக் கூட்டில் இருந்தது. அதுதான் உன் கைக்கு வந்திருக்கிறது. நூற்று முப்பத்தொன்பது அட்டையில் உன் கைக்கு அது.

வேதத்தில் முரண்பாடு என்று நாம் ஒன்றரை மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறோமே, அதில் முரண்பாடு இல்லை. வெட்டினது நான். உனக்கு வந்தது உண்மையாக வந்தது. எனக்கு வந்தது நான் எடுத்து வைத்துக்கொண்டது.

வாணிக்காகத்தான் செய்தேன் என்று சொல்லி முடித்தால் அதுவும் பொய். எனக்கும் பயம். உனக்கு ஆபரேஷன் மேசையில் ஏதாவது ஆகி, உன் உறுப்பை வைத்துக்கொண்டு நான் மட்டும் உயிரோடு இருந்தால்? அந்த நினைப்பை என்னால் தாங்க முடியாது. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, அதை வசனம் என்று சொன்னேன்.

போதகரிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அக்கா


ஜெஞ்சாரோம் போகும் வழி
26 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தை டீசல் போடுகிற எண்ணெய்க் கடையில் லோரியை நிறுத்திப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால் என்னைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அப்புறம் நீ மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்திருப்பாயே என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் உன் முதல் திருட்டு. அதையும் சர்ச்சில் போயா செய்வாய்?

வாணியிடம் கேட்டேன். மறைக்கவில்லை, அழுதாள். நான் கத்தவில்லை, சத்தியமாக. மறுநாள் லீவு போட்டு அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நான் தனியாகப் போய் டெஸ்ட் எடுத்ததுதான் என் தப்பு. அவளையும் கூட்டிப் போயிருந்தால் உனக்கு அந்தப் போன் வந்திருக்காது. டாக்டரிடம் பதினேழு கேள்வி கேட்டாள், எண்ணினேன். ஒரு கிட்னியோடு எத்தனை வருஷம் இருக்கலாம், லோரியில் எப்போது ஏறலாம், பாரம் எப்போது தூக்கலாம். டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆபத்தே இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஓய்வு, பிறகு வண்டி ஓட்டலாம் என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய் இல்லாத தோசை வந்தது. அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

உனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாங்குவதைவிடக் கொடுப்பதுதான் பாக்கியம் என்று நீ அடிக்கடி சொல்வாய். அம்மா போனபோது எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து நீ கொடுத்துக்கொண்டே இருக்கிறாய். சோறு, படிப்பு, அடி, எல்லாம். கல்யாணம்கூட வேண்டாம் என்றாய். அந்தப் பாக்கியம் முழுவதையும் நீயே வைத்துக்கொண்டாய் அக்கா. வாங்க ஆள் இல்லாவிட்டால் கொடுக்கிறவன் எங்கே போவான்? எனக்கும் கொஞ்சம் விடு.

விஜயன்


பிரிக்பீல்ட்ஸ்
13 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை நாற்காலியில் படுத்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தால் வாணி நிற்கிறாள். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் பிடித்து வந்திருக்கிறாள். உன்னிடம் சொல்லாமல் வந்ததாகச் சொன்னாள். இந்தக் குடும்பத்தில் ஒருவரும் ஒருவரிடம் ஒன்றும் சொல்வதில்லை.

நாலு மணி நேரமும் பக்கத்திலேயே இருந்தாள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் ரத்தம் குழாயில் வெளியே போய்ச் சுற்றி வருவதை அவள் இதுவரை பார்த்ததில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் எனக்குக் கால் இழுத்துக்கொண்டது. அவள்தான் தரையில் மண்டியிட்டு அழுத்திவிட்டாள்.

“இது இன்னும் எத்தன வருஷத்துக்கு அண்ணி?” என்று கேட்டாள்.

“இருக்கற வரைக்கும்தான்.”

அவள் போர்வையை இழுத்து என் பாதத்தை மூடினாள். பிறகு சொன்னாள், “நவம்பர்ல நான் போன் பண்ணது பயத்துல அண்ணி. இப்பவும் பயம்தான். போவலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரு உங்களுக்குக் கொடுக்கட்டும். நான் பயந்துகிட்டே கூட இருக்கேன். பத்துமலையில அவருக்காக மட்டும்னு நெனச்சுதான் பால்குடம் தூக்கினேன், படி ஏறி முடிக்கறப்ப உங்க பேரையும் சேர்த்துட்டேன்.”

பயம் போன பிறகுதான் நடக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செங்கடலில் நடந்தவர்கள் எல்லோரும் பயத்தோடுதான் நடந்திருப்பார்கள். முப்பது வருடம் அந்தக் கதையைப் பாடம் எடுத்தவளுக்கு அது தோன்றவில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தவள் சொல்லிவிட்டாள். உன் மகளுக்கு விஷ்ணுப்ரியா என்று பெயர் வைத்தபோது ஒரு மாதம் உன் வீட்டுக்கு வராமல் இருந்தேனே, அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு லா அண்ணி” என்றாள். மறந்திருக்க மாட்டாள்.

போதகரிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். சிரித்துவிட்டார். அடுத்த வருடம் அட்டை எழுதும் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

சரி தம்பி. வாங்கிக்கொள்கிறேன்.

உன் நம்பரை விடுவித்துவிட்டேன். உடனே போன் செய்யாதே, அழுதுவிடுவேன். நாளைக்குச் செய்.

உன் அக்கா,
தங்கமணி


கிள்ளான்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

ஏழு மாதமாகப் போனில்தான் பேசுகிறோம். ஆனால் இதைப் போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து ஏதாவது சொல்வாய். அதனால் எழுதி, நாளைக்கு வார்டில் சேரும்போது உன் கையில் கொடுத்துவிடுவேன்.

மருத்துவமனையில் எத்தனை பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று. போன வாரம் கடைசியாக ஒரு டாக்டர் கேட்டார். அப்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. கதவுக்கு வெளியே விஷ்ணு உட்கார்ந்திருந்தாள். இதை உன்னிடம் மறைத்தால் நானும் கண்ணாடிக் கூட்டில் எதையோ வைத்த மாதிரி ஆகிவிடும்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். பயம் போகவில்லை, வாணி சொன்ன மாதிரி கூடவே வருகிறது.

நாளை மறுநாள் காலையில் என்னைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போவார்களாம். நீ பின்னால் வா.

உன் தம்பி,
விஜயன்


மருத்துவமனை
20 அக்டோபர் 2025

என் அன்புத் தம்பிக்கு,

தீபாவளி வாழ்த்து. நீ வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது, மெதுவாக நடக்கிறாய், சிரித்தால்தான் வலிக்கிறது என்று வாணி சொன்னாள். என்னை இன்னும் தனி அறையில்தான் வைத்திருக்கிறார்கள். இன்று காலை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முறுக்கு டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். இப்போது சாப்பிடக் கூடாது, பார்க்கத்தான். இந்தக் கடிதத்தை நர்ஸ் அவளிடம் கொடுப்பாள்.

போன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இதை வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது.

சிறுநீரகம் செத்துப்போனால் சிறுநீரும் நின்றுவிடும். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, நானும் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு மேலாக நான் அதற்காகக் கழிவறைக்குப் போனதே கிடையாது. பள்ளியில் நான் பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் ஒரு விரலைக் காட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அதனால்தான் முன்கூட்டியே ஓய்வு வாங்கினேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரிக்காதே, தையல் வலிக்கும்.

இன்று காலையில் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். பத்து மணிக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. எனக்கு அது என்ன என்றே புரியவில்லை. நர்ஸ்தான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்து, கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே நின்றாள். உட்கார்ந்தேன். வந்தது. அந்தச் சத்தம் கேட்டது. தம்பி, நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

“ஆன்ட்டி, ஓக்கேவா? வலிக்குதா?” என்று வெளியே இருந்து கேட்டாள்.

“ஓக்கே லா” என்றேன்.

கட்டிலுக்குத் திரும்பி வந்து, இதற்கு நன்றி சொல்ல ஒரு வசனம் தேடினேன். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் இருக்குமே. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவோ நேரம் தேடினேன். ஒன்றும் வரவில்லை. உன் பெயர்தான் வந்தது. அதையே சொல்லி ஜெபித்தேன்.

உன் அக்கா,
தங்கமணி